மானியமும் நிபந்தனையும்

அரசாங்கக் காகிதங்களைத் தமிழாக்கும் அலுவலில் இருப்போர்க்கு நாள்தோறும் எதிர்ப்படும் சொற்களுள் 'மானியம்' என்பது ஒன்று. கல்லூரிக்கு மானியம், நூல்நிலையத்துக்கு மானியம், ஆராய்ச்சிக்கு மானியம் என எழுதிக்கொண்டே போகிறோம். அச்சொல்லுக்குப் பின்னே எப்போதும் ஒரு நிழல்போல் வருவது 'நிபந்தனை' என்னும் மற்றொரு சொல். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள உறவைப் பற்றியும், அந்த உறவு முறிந்த சமயங்களில் ஆசிரியர்கள் ஒன்றுகூடி நின்ற வரலாற்றைப் பற்றியும் இங்கே சிறிது ஆராய்வோம்.

மானியம் என்பது தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. கோயில், மடம், பாடசாலை ஆகியவற்றின் பணிக்காக இறையிலியாக விடப்பட்ட நிலமே பண்டைநாளில் மானியம் எனப்பட்டது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த எண்ணாயிரம் என்னும் ஊரில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், அதாவது பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒரு பெரிய கல்விச்சாலை நடந்தது. மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர் என்றும், இன்ன பாடத்துக்கு இத்தனை மாணவர் என்றும், ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு நெல் என்றும் அங்குள்ள கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது. ஆகவே, பொருள் கொடுப்பவர் நிபந்தனை விதிப்பது இக்காலத்து வழக்கம் என்று எவரும் எண்ணவேண்டுவதில்லை. சோழ மன்னனும் விதித்தான். ஆயின், அவன் விதித்தது ஒருமுறை. அதையும் எல்லோரும் காணக் கல்லில் வெட்டிவைத்தான். பாடம் சொல்ல வந்த ஆசிரியர் எதற்கு உடன்பட்டு வருகிறோம் என்பதை அறிந்தே வந்தார்.

இக்காலத்து மானியமோ ஆண்டுதோறும் எழுதப்படும் வரவு செலவுத் திட்டத்தில் பிறந்து, ஆண்டு முடிவில் மறைவது. இவ்வாண்டு இருந்த தொகை அடுத்த ஆண்டு இராது. இவ்வாண்டு இல்லாத நிபந்தனை அடுத்த ஆண்டு தோன்றிவிடும். கல்விச்சாலையின் வேலையோ ஓராண்டில் முடிவதன்று. ஒரு துறையை உருவாக்கப் பதினைந்து ஆண்டு வேண்டும். கலைக்க ஒரு தாள் போதும். இந்த முரண்பாட்டினிடையே அகப்பட்டுக்கொள்பவர் ஆசிரியரும் மாணவருமே.

இச்செய்தி வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு ஏன் வேண்டும் என்று கேட்கலாம். அதற்கு விடை பாலக்காட்டுக் கல்பாத்தியில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே குடியேறிய தமிழர் வரலாற்றில் கல்பாத்தி மூத்த ஊர்களுள் ஒன்று. தஞ்சை முதலிய தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்தோர் ஆற்றங்கரையில் தெருத்தெருவாக வீடு கட்டி வாழ்ந்தனர். பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்னும் நான்கு கிராமங்களும் சேர்ந்து ஐப்பசி மாதத்தில் எடுக்கும் தேர்த்திருவிழாவை அறியாத பாலக்காட்டுத் தமிழர் இலர். காசியில் பாதி கல்பாத்தி என்பது அவ்வூரார் பெருமையோடு சொல்லும் வழக்கு. விசுவநாதசுவாமி கோயில் எழுந்த கதையும் ஒரு கொடையின் கதையே. லட்சுமி அம்மாள் என்னும் கைம்பெண் காசியிலிருந்து லிங்கம் கொணர்ந்து, 1,320 பொற்காசுகளைப் பாலக்காட்டு அரசரிடம் ஒப்புவித்துக் கோயில் எழுப்பச் செய்தார் என்றும், அது 1425-ஆம் ஆண்டு என்றும் அக்கோயில் வரலாறு கூறுகிறது.

ஆயினும் கல்பாத்தியின் பிள்ளைகளைப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் அனுப்பிவைத்தது ஆற்றங்கரையன்று. அண்மையிலிருந்த கல்லூரியே ஆகும். 1866-ஆம் ஆண்டில் பாலக்காட்டில் 'ரேட் ஸ்கூல்' ஒன்று தொடங்கப்பெற்றது. ஊரார் மேல் விதித்த வரிப்பணத்தால் நடப்பது என்பதே அப்பெயரின் பொருள். அது படிப்படியாக வளர்ந்து, 1888-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இரண்டாந்தரக் கல்லூரியாகி, விக்டோரியா கல்லூரி என்னும் பெயர் பெற்றது. நெடுநாள் நகராட்சியின் பொறுப்பில் இருந்த அக்கல்லூரியை 1919-இல் சென்னை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. தேர்தல் ஆணையத்தின் தலைமைப் பதவியை வகித்த டி. என். சேஷன், கொங்கண் இருப்புப்பாதையையும் தில்லி மெட்ரோவையும் அமைத்த இ. ஸ்ரீதரன், மலையாள எழுத்தாளர்களான எம். டி. வாசுதேவன் நாயர், ஓ. வி. விஜயன் ஆகியோர் அங்கே பயின்றவர்களே.

பாலக்காட்டுத் தமிழரிடம் ஒரு காலத்தில் இருந்த குத்தகை நிலங்கள், 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தத்தால் உழுவோர்க்கு உரியவையாயின. உழுதவனுக்கு நிலம் என்பது நியாயமே. அதன்பின் அந்தத் தெருக்களின் பிள்ளைகளுக்குப் பட்டமே நிலமாயிற்று. உழுதவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே கல்லூரி அதே நிலத்தைக் கொடுத்தது. ஆதலின், கல்லூரியின் மானியத்தைக் குறைப்பதோ அதன் அமைப்பை மாற்றுவதோ ஆசிரியர் சிலருடைய ஊதியக் கணக்கு என்று ஒதுக்கத்தக்கதன்று. அடுத்த தலைமுறையின் விளைநிலத்தைப் பற்றிய பேச்சு அது.

இனி, கல்பாத்தியின் பிள்ளைகள் பலர் பிழைக்கச் சென்ற கல்கத்தாவுக்கே செல்வோம். மானியத்துக்கும் நிபந்தனைக்கும் இடையே இந்நாட்டில் நிகழ்ந்த முதற்பெரும் போராட்டம் நூறாண்டுகளுக்கு முன் அங்கேதான் நடந்தது.

கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1857-இல் சென்னை, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களோடு தோன்றியது. தொடக்கத்தில் அது பரீட்சை நடத்தும் அலுவலகமாகவே இருந்தது. அதனைப் பாடம் சொல்லும் இடமாகவும் ஆராய்ச்சி செய்யும் இடமாகவும் ஆக்கியவர் சர் ஆசுதோஷ் முகர்ஜி. உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்துகொண்டே 1906 முதல் 1914 வரை அவர் துணைவேந்தர் பொறுப்பை வகித்தார். தாரகநாத் பாலித், ராஸ்பிகாரி கோஷ் என்னும் இரு வழக்கறிஞர் பெருமக்கள் வழங்கிய பெருங்கொடைகளைக் கொண்டு அறிவியல் கல்லூரியை நிறுவினார். அதற்கு 1914-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. பாலித் தம் கொடையால் அமையும் பேராசிரியர் பதவிகளில் இந்தியரே அமரவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். நிபந்தனைகள் யாவும் தீயவையல்ல என்பதற்கு இதுவே சான்று.

அந்த நிபந்தனையின் பயன் நம்மவர்க்கும் கிடைத்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், அரசாங்க நிதித்துறையில் வகித்த உயர்ந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, அதனினும் குறைந்த ஊதியத்துக்கு 1917-இல் பாலித் பேராசிரியரானார். திருத்தணியைச் சேர்ந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1921-இல் தத்துவப் பேராசிரியராக அங்கே அழைக்கப்பெற்றார். 1917-இல் முதுகலைப் பாடங்களைப் பல்கலைக்கழகமே நேராக நடத்தும் ஏற்பாடு செய்யப்பட்டபின், ஆசிரியர் தொகையும் துறைகளின் தொகையும் பெருகின.

துறைகள் பெருகிய வேகத்தில் வருவாய் பெருகவில்லை. பல்கலைக்கழகத்தின் முக்கிய வருவாய் பரீட்சைக் கட்டணமே. 1917-இல் பாட்னாவிலும், 1920-இல் ரங்கூனிலும், 1921-இல் டாக்காவிலும் புதிய பல்கலைக்கழகங்கள் தோன்றவே, கல்கத்தாவின் எல்லை சுருங்கியது. ஒத்துழையாமை இயக்கத்தில் மாணவர் பலர் கல்லூரிகளை விட்டு வெளியேறினர். பரீட்சை எழுதுவோர் குறைந்தனர், கட்டணமும் குறைந்தது. ஆசிரியர்க்கு மாத ஊதியம் கொடுக்கவே வழி தேடும் நிலை வந்தது. 1921-இல் ஆசுதோஷ் மீண்டும் துணைவேந்தரானபோது எதிர்கொண்ட நிலை இது.

அதே ஆண்டில் மாகாணங்களில் இரட்டையாட்சி தொடங்கியது. கல்வி இந்திய மந்திரியின் பொறுப்புக்கு வந்தது. நிதியோ கவர்னருடைய நிர்வாக சபையின் கையிலேயே நின்றது. வங்க அரசாங்கத்தின் கருவூலமும் அப்போது வறண்டுதான் கிடந்தது. இந்நிலையில் 1922-இல் வங்க அரசாங்கம் பல்கலைக்கழகத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் மானியம் தர முன்வந்தது. உடன் நிபந்தனைகள் வந்தன. கணக்குகளை அரசாங்கத்தின் பார்வைக்கு அனுப்பிவர வேண்டும். நிதிநிலை சீராகும் வரையில் புதிய விரிவு எதுவும் கூடாது என்பன போன்றவை அவை. செனட் சபையின் அமைப்பையே மாற்றி அரசாங்கத்தின் பிடியை இறுக்கும் சட்டமுயற்சியும் கூடவே எழுந்தது.

இவற்றைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், சில நியாயமாகவே தோன்றும். பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டவேண்டியது கடமையன்றோ? ஆயின் அவை வந்த வேளையைக் கவனிக்க வேண்டும். சிக்கனமாக நடப்பதாகப் பல்கலைக்கழகம் தானே உறுதி கூறிய ஒன்று. பசித்திருப்பவர் முன் சோற்றை வைத்துக்கொண்டு பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது மற்றொன்று. 1922 டிசம்பரில் செனட் சபை கூடியபோது ஆசுதோஷ் அந்தப் பணம் வேண்டாம் என்றார். செலவைச் சுருக்குவோம், வங்காளத்தில் வீடுவீடாகச் சென்று இரப்போம், எங்கள் ஆசிரியர்கள் பட்டினி கிடப்பார்களேயன்றிச் சுதந்திரத்தை விற்கமாட்டார்கள் என்னும் கருத்துப்படப் பேசினார். சுதந்திரம் என்னும் ஒரே சொல்லை மும்முறை அடுக்கி அவர் அந்தப் பேச்சை முடித்தது இந்தியக் கல்வி வரலாற்றில் நிலைத்துவிட்டது.

ஆசிரியர்கள் பட்டினி கிடப்பார்கள் என்று துணைவேந்தர் கூறியது வெறும் மேடைப்பேச்சென்று தள்ளத்தக்கதன்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே வேதியியல் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய், தமக்கு அறுபது வயது நிரம்பியதும், அதன்பின் தாம் பெறவேண்டிய ஊதியம் முழுவதையும் தம் துறையின் வளர்ச்சிக்கே விட்டுக்கொடுத்திருந்தார். ஆயினும் மனைவி மக்களோடு வாழும் இளம் ஆசிரியர் அனைவரிடமும் அத்தகைய துறவை எதிர்பார்ப்பது முறையாகாது. தலைவர் ஒருவர் தம் சார்பில் பேசுவதை மட்டும் நம்பியிருக்க இயலாது என்பதை ஆசிரியர்கள் பின்னர் உணர்ந்தனர். வங்காளத்துக் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கென ஒரு சங்கம் 1926-இல் உருவாயிற்று.

1923 மார்ச்சில் கவர்னர் லிட்டன் பிரபு, அரசாங்கத்தின் முயற்சிகளை எதிர்ப்பதைக் கைவிடுவதானால் துணைவேந்தர் பதவியை நீட்டிப்பதாக ஆசுதோஷுக்கு எழுதினார். இங்கும் மானியமும் நிபந்தனையுமே வேறு வேடத்தில் வந்தன. ஆசுதோஷ் மறுத்து எழுதிவிட்டுப் பதவியினின்றும் விலகினார். 1924 மே மாதம் பாட்னாவில் காலமானார். அவர் எதிர்த்த சட்டம் அவ்வடிவில் நிறைவேறவில்லை. முதுகலைத் துறைகள் மூடப்படவுமில்லை. 1928 பிப்ரவரி 28-ஆம் நாள், அதே பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியராக இருந்துகொண்டே, பவ்பஜார் தெருவிலிருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் இராமன் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவை உறுதிசெய்தார். வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் அப்பணியில் அவர்க்குத் துணைநின்றார். ஆறாண்டுகளுக்கு முன் துறைகளைச் சுருக்கியிருப்பின் அந்தப் பேராசிரியர் பதவி எந்நிலையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஒருபக்கமாகவே சொல்லிச் செல்வது வரலாறாகாது. வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்கார் போன்றோர் ஆசுதோஷின் நிர்வாகத்தைக் கடுமையாகக் குறைகூறினர். துறைகளை அளவுமீறிப் பெருக்கியதும் தரத்தைத் தளர்த்தியதும் தவறு என்பது அவர்கள் வாதம். அதிலும் உண்மை உண்டு. ஆயினும் தவற்றைத் திருத்தும் பொறுப்பு கற்பிப்போரிடம் இருப்பதா, கருவூலச் சாவியை வைத்திருப்போரிடம் இருப்பதா என்பதே அன்று எழுந்த கேள்வி.

கல்கத்தாவிலிருந்து இனி நம் கல்பாத்தி இருக்கும் கேரளத்துக்குத் திரும்புவோம். அங்கே கதை சற்று வேறுவிதமாக நடந்தது. கல்கத்தாவில் அரசாங்கத்தின் கை நெருங்குவதை எதிர்த்தார்கள். கேரளத்துத் தனியார் கல்லூரி ஆசிரியர்களோ அந்தக் கையையே வேண்டி நின்றார்கள். நிர்வாகத்தார் கொடுத்ததே ஊதியம், அவர்கள் வைத்ததே சட்டம் என்றிருந்த நிலையை எதிர்த்து, 1958-இல் அகில கேரளத் தனியார் கல்லூரி ஆசிரியர் சங்கத்தை அமைத்தனர். அதன்பின் பல ஆண்டுகள் போராடி, 1972-இல் அரசாங்கமே ஆசிரியர்க்கு நேராக ஊதியம் வழங்கும் ஏற்பாட்டைப் பெற்றனர். ஆகவே, ஆசிரியர்கள் அரசாங்கத்தை வெறுப்பவர் என்பதோ, கணக்குக்கு அஞ்சுபவர் என்பதோ பொருந்தாது. நிலையான விதியையும், அந்த விதியை வகுக்கும் இடத்தில் தமக்கொரு குரலையுமே அவர்கள் கேட்டனர்.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு சோதனை வந்தது. கேரளத்தில் 1964 முதல் பத்தாம் வகுப்புக்குப் பிந்திய இரண்டாண்டுப் படிப்பு 'பிரீ டிகிரி' என்னும் பெயரோடு கல்லூரிகளிலேயே நடந்துவந்தது. பாலக்காட்டு விக்டோரியா கல்லூரியிலும் அப்படியே. கல்லூரி மாணவரில் பெரும்பங்கினர் இவ்வகுப்பினரே. ஆசிரியர்களின் பாடவேளைகளில் பெரும்பங்கும் இதிலேயே கழிந்தது. 1980-களின் நடுவே கல்வி மந்திரி டி. எம். ஜேக்கப், இப்படிப்பைப் பல்கலைக்கழகங்களிலிருந்து பிரித்துத் தனி வாரியம் ஒன்றின் கீழ் வைக்கும் திட்டத்தைக் கொணர்ந்தார். 1986-இல் கல்லூரி ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மாணவர் அமைப்புகளும் தெருவுக்கு வந்தன. பாடவேளை போனால் பதவியும் போகும் என்னும் அச்சம் ஆசிரியர்க்கு இருந்தது. கல்லூரியின் கதவு ஏழை மாணவர்க்குக் குறுகிவிடும் என்னும் அச்சமும் இருந்தது. இறுதியில் அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது.

ஆனால் திட்டங்கள் இறப்பதில்லை, உறங்கி எழுகின்றன. 1990-இல் சில பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கப்பெற்றன. 1997-இல் பிரீ டிகிரிப் படிப்பை ஒழிக்கும் சட்டமே வந்தது. அதைக் கொணர்ந்தது, பத்தாண்டுகளுக்கு முன் வாரியத்தை எதிர்த்த தரப்பினரின் அரசாங்கம் என்பது வரலாற்றின் விசித்திரம். 2001-க்குள் அப்படிப்பு கல்லூரிகளிலிருந்து முற்றிலும் நீங்கிப் பள்ளிகளுக்குச் சென்றுவிட்டது.

இதனால் விளைந்ததென்ன? கிராமத்துப் பெண்கள் அருகிலுள்ள பள்ளியிலேயே மேல்நிலைக் கல்வி பெறலாயினர், இது நன்மை. கல்லூரிகளிலோ பாடவேளைக் கணக்கு சுருங்கியது. நிரந்தரமாகப் பலரை நியமித்த இடங்களில், கௌரவ விரிவுரையாளர் என்னும் பெயரில் நாட்கூலிபோல் மணிக்கணக்குக்கு ஊதியம் பெறுவோர் பெருகினர். 1986-இல் ஆசிரியர் கொண்ட அச்சத்தில் ஒரு பாதி பொய்த்தது, மறுபாதி மெய்யாயிற்று. ஆயினும் அந்தப் பதினைந்து ஆண்டு இடைவெளி வீணன்று. ஒரே நாளில் ஆணையால் நடந்திருக்க வேண்டிய மாற்றம், படிப்படியாக, பேச்சுவார்த்தைக்கு இடம்வைத்து நடந்தது.

மூன்றாவது நிகழ்ச்சி தமிழ்நாட்டில், சிதம்பரத்தில் நடந்தது. 1920-இல் அங்கே மீனாட்சி கல்லூரியை நிறுவிய அண்ணாமலைச் செட்டியார் 20 லட்சம் ரூபாய் வழங்கியதன் பயனாக, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. கொடை அளித்த குடும்பத்தின் உரிமைகள் அதற்கென இயற்றிய சட்டத்திலேயே எழுதப்பெற்றன. எண்ணாயிரத்துக் கல்வெட்டைப்போல் ஒருமுறை எழுதி நிலைநிறுத்திய ஏற்பாடு அது. தமிழிசைக்கும் தமிழாராய்ச்சிக்கும் அப்பல்கலைக்கழகம் செய்த தொண்டு நாடறிந்தது. பிற்காலத்தில் மருத்துவம், பொறியியல், தொலைநிலைக் கல்வி எனப் பல கிளைகள் விரிந்தன. ஊழியர் தொகை 12,000-க்கு மேல் உயர்ந்தது.

2012 நவம்பரில் நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி ஊதியக் குறைப்பும் ஆட்குறைப்பும் வரப்போகின்றன என்னும் செய்தி பரவியது. ஆசிரியர்களும் அலுவலர்களும் ஒன்றுகூடினர். பேராசிரியரும் எழுத்தரும் ஒரே பந்தலில் அமர்ந்தது அந்தப் போராட்டத்தின் தனிச்சிறப்பு. வகுப்புகள் தடைப்பட்டன, மாணவர் அவதியுற்றனர். நெருக்கடி எவ்வாறு வந்தது, கணக்கைக் காட்டுங்கள் என்பதே அங்கே எழுந்த கேள்வி. கல்கத்தாவில் அரசாங்கம் பல்கலைக்கழகத்திடம் கணக்குக் கேட்டது. சிதம்பரத்தில் ஆசிரியர்களே நிர்வாகத்திடம் கணக்குக் கேட்டனர். 2013 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசாங்கம் ஐ.ஏ.எஸ். அதிகாரியான சிவதாஸ் மீனாவை நிர்வாகியாக நியமித்தது. அதே ஆண்டில் புதிய சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் முழுப்பொறுப்பில் ஏற்றுக்கொண்டது.

இதை வெற்றி என்பதா? ஆட்குறைப்பு அன்று தடுக்கப்பட்டது; ஆதலின் வெற்றியே. ஆனால் அதன்பின், தேவைக்கு மிஞ்சியவர் என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் மாநிலத்தின் பல பகுதிகளிலுள்ள அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அயற்பணியில் அனுப்பப்பெற்றனர். குடும்பம் சிதம்பரத்திலும் வேலை தொலைவிலுமாகப் பலருடைய வாழ்வு மாறியது. வேலை நிலைத்தது, இடம் நிலைக்கவில்லை.

சிதம்பரத்தில் பந்தல் எழுந்த அதே 2012-இல், கடலுக்கு அப்பால் இலங்கையிலும் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை ஏறக்குறைய நூறு நாட்கள் அது நீடித்தது. யாழ்ப்பாணம் முதல் தென்னிலங்கை வரையிலுள்ள ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் ஊதிய உயர்வோடு வேறொன்றையும் முன்வைத்தது: நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்பது. போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில் தமிழாசிரியரும் சிங்கள ஆசிரியரும் ஒரே கோரிக்கையை ஏந்தி நின்றது எளிய செய்தியன்று. அந்த 6 சதவீதம் நமக்கும் பழகிய எண்ணே. 1966-இல் அறிக்கை அளித்த கோத்தாரிக் கல்விக்குழு நம் நாட்டுக்குப் பரிந்துரைத்ததும் அதே அளவுதான்.

இந்நிகழ்ச்சிகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஒரு முடிவு தெளிவாகிறது. கல்லில் வெட்டிய நிபந்தனை நிலையானது; ஆயின் அது வருங்காலத்தை அறியாது. எண்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய சட்டம் சிதம்பரத்து நெருக்கடியைத் தடுக்கவில்லை. தாளில் எழுதும் ஆண்டு மானியம் காலத்துக்கேற்ப வளையும். ஆயின் அது நிலைக்காது, வறுமை வேளையில் வாங்குபவரின் கழுத்தைப் பிடிக்கும். இவ்விரண்டின் குறையையும் நிரப்பவல்லது மூன்றாவதாக ஒன்று: அன்றாடம் வகுப்பறையில் நிற்பவர்களின் ஒன்றுபட்ட குரல். எங்கே எதைக் குறைத்தால் தாங்கும், எங்கே குறைத்தால் வேர் அறும் என்பதை அவர்களே அறிவர். கல்கத்தாவில் அக்குரலை ஒரு பெருந்தலைவர் எடுத்துரைத்தார். கேரளத்தில் சங்கங்கள் எடுத்துரைத்தன. சிதம்பரத்தில் பேராசிரியரும் கடைநிலை ஊழியரும் சேர்ந்து எடுத்துரைத்தனர். எங்கும் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆயினும் தங்களைக் கேளாமல் எதுவும் முடிவாகாது என்னும் நிலையை ஓரளவு எங்கும் உண்டாக்கினார்கள்.

ஆசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. தம் வேலைக்காக மட்டும் நிற்கும் சங்கத்தை மக்கள் வெகுநாள் தாங்கமாட்டார்கள். வேலைநிறுத்தத்தின் ஒவ்வொரு நாளும் ஏழை மாணவன் ஒருவனின் நாளும் ஆகும். இழந்த பாடத்தை ஈடுசெய்தும், தம் கணக்கையும் தரத்தையும் தாமே சோதித்தும் காட்டும் ஆசிரியர் குரலே எடுபடும். ஜதுநாத் சர்க்காரின் கண்டனத்தைக் கல்கத்தா மறக்கக் கூடாததற்குக் காரணமும் இதுவே.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் பெரும்பாலும் ஏதோ ஒரு சிறிய ஊரின் கல்லூரியிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள். தேருக்கு வடம் பிடிக்க ஆண்டுக்கொருமுறை ஊருக்குப் போகிறோம்; கோயில் திருப்பணிக்கு நன்கொடை அனுப்புகிறோம். நம்மை அனுப்பிவைத்த கல்லூரியில் இன்று எத்தனை நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்கள், எத்தனை இடங்கள் காலியாய்க் கிடக்கின்றன, எந்தத் துறை மூடப்படப் போகிறது என்று விசாரிப்போர் எத்தனை பேர்? அக்கல்லூரி வாயிலில் ஆசிரியர்கள் கையில் அட்டை ஏந்தி நிற்கும் செய்தி நாளிதழின் ஒரு மூலையில் வருமாயின், பக்கத்தைப் புரட்டுமுன் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைப் படித்துப் பார்ப்போம். பழைய மாணவர் சங்கத்துக்கு எழுதுவோம். அவர்கள் கேட்பது நியாயமாயின் அதைச் சட்டமன்ற உறுப்பினரின் காதுக்கு எட்டச் செய்வோம். பாலக்காட்டில் 1866-இல் ஒரு பள்ளி தொடங்கியபோது அதன் செலவைத் தம் வரியால் தாங்கியவர்கள் அவ்வூர் மக்களே. பிள்ளைகளின் கல்வி தம் பொறுப்பு என்று அன்று ஏற்றுக்கொண்டவர்களின் வழிவந்தோர்க்கு இது பெரிய காரியமன்று.